மாட்டுக்கு ஆனது குதிரைக்கு ஆகாது



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாட்டுப் பொங்கலன்று இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நம் நெடுநாள் வாசகர் ஒருவர் பேசினார். தலைமுறையாக மாடு வளர்க்கிற குடும்பம். காளையின் நடையைப் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லக்கூடியவர். அன்று அவர் குரல் நடுங்கியது.

"குதிரை படுத்துப் படுத்து எந்திரிக்குதுங்க. வயித்தையே திரும்பித் திரும்பிப் பாக்குது. வேர்த்து ஊத்துதுங்க."

அதற்கு முந்தைய ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் அவர் ஆசையாக வாங்கிய செம்பழுப்புப் பெண் குதிரை அது. நான் அப்போது ஈரோட்டில் இருந்தேன். தெரிந்த கால்நடை மருத்துவரை எழுப்பி, அவர் வண்டியிலேயே கிளம்பிப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. மருத்துவர் குதிரையின் மூக்கு வழியாகக் குழாயை இரைப்பை வரை இறக்கினார். புளித்த வாடையோடு சோறும் வெல்லப்பாகும் வாளியில் கொட்டின. சர்க்கரைப் பொங்கல். குடும்பத்தில் ஆளுக்கொரு கவளமாக ஊட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வந்து ஊட்டியிருக்கிறார்கள்.

விடியும் நேரத்தில் குதிரை அமைதியானது. நண்பர் திண்ணையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாட்டுக்கும் அதே பொங்கல்தானுங்க வெச்சோம். மாட்டுக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றார்.

குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இந்த இதழின் ஆசிரியர் பக்கம் முழுவதையும் குதிரைக்குக் கொடுக்கிறேன். ஆடி நெருங்குகிறது. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தைக்கு மாடுகளோடு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளும் வரும். உங்களில் சிலர் கையில் கடிவாளத்தோடு ஊர் திரும்புவீர்கள். அதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

மாட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் புல்லைப் போடலாம், எவ்வளவு கயிறு விட்டுக் கட்டலாம், கழிச்சல் வந்தால் எந்தத் தழையை அரைத்துக் கொடுக்கலாம் என்பதெல்லாம் நம் கைக்கே தெரியும். குதிரை வீட்டுக்கு வந்ததும் அந்தக் கை பழக்கத்தில் அதே வேலையைச் செய்கிறது. அதே தொழுவம், அதே தீனி, அதே தொட்டி, அதே மருந்து. நான் பார்த்தவரையில் நம் ஊரில் குதிரைகள் அக்கறை இல்லாததால் சாவது குறைவு. மாட்டுக்குச் செய்த அக்கறையை அப்படியே செய்வதால் சாவதுதான் அதிகம்.

இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகர் கதையே பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டதில்தான் திரும்புகிறது. அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்கிறார். சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள் என்றும் சொல்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் சோறு என்ற சொல்லைப் படித்தபோது எனக்குக் கோபித் தொழுவத்தின் வாளிதான் கண்முன் வந்தது.

அதற்குப் பிறகு நாம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. ஜட்கா வண்டி ஓடிய ஊர்களில் எல்லாம் குதிரை தெரிந்தவர்கள் இருந்தார்கள். லாடம் அடிப்பவர் இருந்தார், புல் விற்பவர் இருந்தார். வண்டிகள் போனதும் அவர்களும் போய்விட்டார்கள். நாடு முழுவதும் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறே கால் லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. குதிரை குறையும்போது அதை அறிந்த கைகளும் குறைகின்றன. புதிதாக வாங்குகிற இளைஞருக்குப் பக்கத்தில் கேட்க ஆளில்லை. அவர் கேட்பது மாட்டுக்காரரைத்தான்.

சரி, அந்தப் பொங்கல் ஏன் குதிரையைப் படுக்க வைத்தது?

மாட்டின் வயிறு நான்கு அறை கொண்ட பெரிய கிடங்கு. அவசரமாக மேய்ந்து நிரப்பிக்கொண்டு, பிறகு நிழலில் படுத்து நிதானமாக அசைபோடும். குதிரையின் இரைப்பை சிறியது. எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். அது நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் கடித்துக்கொண்டே நடப்பதற்கு அமைந்த உடல். வெட்டவெளியில் விட்டால் நாளில் பதினான்கு, பதினாறு மணி நேரம் மேயும். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று தீனி வைத்துவிட்டு இடையில் வெறுமனே நிறுத்திய குதிரைக்கு இரைப்பைப் புண் வருகிறது.

இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொள்ளும். உள்ளே போனது முன்னோக்கித்தான் போக வேண்டும். சோறும் வெல்லமும் ஒரேயடியாகப் போனால் இரைப்பையில் புளித்துக் காற்று கட்டும். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கேயும் புளிக்கும். நார் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் சாகும். அதிலிருந்து கிளம்பும் நச்சு இரத்தத்தில் கலந்து, கடைசியில் போய்த் தாக்குவது குளம்பை. வயிற்றில் போட்ட பொங்கல் காலில் வெடிக்கும் என்று சொன்னால் நம்புவது கடினம். நண்பரின் குதிரைக்கு அதுதான் நடந்தது. மூன்றாம் நாள் முன்னங்குளம்புகள் சுட்டன. எடையைப் பின்னங்காலில் சாய்த்துக்கொண்டு நின்றது. குளம்பின் உள்தகடுகள் அழன்று பிரியும் இந்த நோயை மருத்துவர்கள் லாமினைட்டிஸ் என்பார்கள். குதிரை சீராக நடக்க ஓராண்டு ஆயிற்று.

எனவே முதல் வேண்டுகோள்: சோறு வேண்டாம், பிரசாதம் வேண்டாம், கல்யாண வீட்டு மிச்சம் வேண்டவே வேண்டாம். அன்பு காட்ட ஒரு கேரட்டை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், போதும்.

தினத் தீனிக்குக் கணக்கு எளிது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு காய்ந்த புல். நம் சந்தைகளில் கிடைக்கும் குதிரைகள் பெரும்பாலும் 300 முதல் 400 கிலோ இருக்கும். 350 கிலோ குதிரைக்கு ஐந்து முதல் ஏழு கிலோ உலர்புல், நான்கைந்து வேளையாகப் பிரித்து, இரவுக்கும் சேர்த்து. அருகம்புல் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. குதிரைமசாலுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. புல்லோடு அளவாகச் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் கிடைக்கும்.

நம் தோட்டத்தில் மாட்டுக்காக வளர்க்கும் பயிர்களில்தான் கவனம் வேண்டும். கம்பு நேப்பியர் புல்லிலும், கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லிலும், நீலகிரியின் கிக்குயு புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் உடலில் அது உணவிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். அதோடு கோதுமைத் தவிட்டையும் வாளி வாளியாக வைத்தால் நிலைமை மோசமாகும், தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். தாடை வீங்கி முகம் பெருத்த குதிரையைக் கண்டால் "நல்லாத் தின்னு கொழுத்திருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் புற்களை முக்கியத் தீனியாக ஆக்க வேண்டாம். வேறு வழி இல்லையென்றால் பயறுவகைத் தீவனத்தையும், மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பச்சைச் சோளப்பயிரும் அப்படித்தான். நாள்பட்டால் குதிரையின் பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர்ப்பை கெடும்.

கொள்ளு நல்லது, ஆனால் அது துணைத் தீனி. ஊறவைத்து வேகவைத்துக் கொடுங்கள். தானியமும் கொள்ளும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கோழிக்கும் போடக்கூடாது, குதிரைக்குப் போட்டால் மூளையே அழுகும். மோனென்சின் கலந்த கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ வயிற்றுக்குள் போனால் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடும். தீவன மூட்டைகளைத் தனித்தனி அறையில் பூட்டி வையுங்கள்.

தண்ணீர் என்றதும் கழுநீர்த் தொட்டி நினைவுக்கு வருகிறது. மாட்டுக்கு அது விருந்து. அரிசி கழுவியது, சோறு வடித்தது, காய்கறித் தோல் எல்லாம் புளித்துக் கிடக்கும். குதிரையை அந்தப் பக்கம் விடாதீர்கள். அதற்குத் தினமும் கழுவிய தொட்டியில் தெளிந்த தண்ணீர் வேண்டும். சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர், கத்திரி வெயிலில் அதற்கும் மேல். குதிரை நம்மைப் போல வேர்க்கும், வேர்வையோடு உப்பும் போகும். நாளுக்கு 30 கிராம் அளவில் கல்லுப்பைத் தீனியில் கலந்து கொடுங்கள். சவாரி முடிந்து வந்த குதிரையின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்ற பயம் வேண்டாம். உடல் முழுவதும் ஊற்றி, வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். வெயிலில் வெந்து வந்த உடலுக்கு அதுதான் மருந்து.

தொழுவத்துக்கு வருவோம். லாயம் கட்ட மண்டபம் வேண்டாம். ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி இடம், தலைக்கு மேல் நல்ல உயரம், இருபுறமும் காற்று வழி. தகரக் கூரை என்றால் அதன் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். வழுக்குகிற சிமெண்டுத் தரை குதிரைக்கு ஆகாது. படுத்து எழும்போது கால் சறுக்கி இடுப்பு பிசகும். சரிவாக அடித்த மண் தரையில் மணலோ மரத்தூளோ தென்னை நார்க்கழிவோ பரப்பலாம். மணல் பரப்பினால் புல்லைத் தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள். புல்லோடு மணலையும் தின்றால் அது குடலில் தங்கிக் கனத்துவிடும். மூத்திர நெடி மூக்கில் ஏறும் லாயத்தில் குதிரையின் நுரையீரல் கெடும். நீங்கள் உள்ளே குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் குதிரை இரவு முழுவதும் அதைத்தான் சுவாசித்திருக்கிறது. வைக்கோல் போரை லாயத்தை ஒட்டிப் போடாதீர்கள். தீப்பொறிக்கும் பாம்புக்கும் அதுதான் வாசல்.

குறுங்கயிறு எனக்கு ஆகாத விஷயம். முன்னங்காலையும் பின்னங்காலையும் முளையடித்துக் கட்டி, இருபத்து நான்கு மணி நேரமும் ஓரிடத்தில் நிறுத்தப்பட்ட குதிரைகளைக் கணுக்கால் புண்ணோடு பார்த்திருக்கிறேன். குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். நாளில் அரைமணி முதல் ஒரு மணி நேரமாவது படுக்க முடியாத குதிரை சில நாட்களில் நின்றபடியே தூங்கி முழங்கால் மடிந்து விழும். கூட்டமாக வாழ்ந்த உயிர் அது. தனியே கட்டினால் மரத்தைக் கடிக்கும், தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு குதிரை வாங்க வசதி இல்லையா, ஒரு ஆட்டையாவது துணைக்கு விடுங்கள். தினமும் சில மணி நேரமாவது வேலியிட்ட இடத்தில் அவிழ்த்து விடுங்கள்.

குளம்பைப் பற்றி மட்டும் ஒரு தனி இதழே எழுதலாம். சந்தையில் சுழி பார்க்கிறோம். நெற்றிச் சுழி, மார்புச் சுழி, எது குடிக்கு ஆகும் எது ஆகாது என்று அரை நாள் பேசுகிறோம். அந்த நேரத்தில் நான்கு காலையும் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள் என்பது என் கெஞ்சல். அங்கே முக்கோணமாக மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இரு பக்கப் பள்ளங்களில் சாணமும் ஈரமும் தங்கினால் கறுத்து அழுகி நாறும். தினமும் கொக்கியால் சுரண்டி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். லாடம் போட்டிருந்தால் கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். உங்கள் பகுதியில் லாடம் அடிக்கத் தெரிந்தவர் இருந்தால் நான்கு பேர் சேர்ந்து அவருக்கு மாதம் ஒரு நாள் வேலை உறுதி செய்து கொடுங்கள். அந்தத் தொழில் தங்கினால்தான் நம் குதிரைகள் நடக்கும்.

நோய் வருமுன் கண்டுபிடிக்கத் தினமும் காலையில் லாயத்துக்குள் போனதும் இரவு போட்ட லத்தியை எண்ணுங்கள். குதிரை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை போடும். குறைந்திருந்தால், காய்ந்து கல்லாக இருந்தால், தீனி மிஞ்சியிருந்தால் அன்றே விழித்துக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் கீழ் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. வயிற்று வலியோடு 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். விலாவுக்குப் பின்னே காதை வைத்துக் கேளுங்கள். நல்ல குதிரையின் வயிறு எப்போதும் ஏதோ உறுமிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அடங்கிப்போவது நல்லதல்ல.

மருத்துவர் வரும்வரை தீனியை எடுத்துவிடுங்கள். புரண்டு அடிபடாமல் மெல்ல நடத்துங்கள். மாட்டுக்குச் செய்வதுபோல மூங்கில் குழாயில் நல்லெண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்ச் செத்த குதிரைகள் உண்டு. மாட்டுக்கு வாங்கிய ஊசிமருந்தின் மீதியும் வேண்டாம். லின்கோமைசின் போன்ற சில மருந்துகள் குதிரையின் குடலை அழித்துக் கழிச்சலில் கொன்றுவிடும்.

தடுப்பூசியில் முதலிடம் ரண ஜன்னிக்கு. மண்ணில் இருக்கும் கிருமி, சின்ன ஆணிக் காயம் போதும். பெரிய விலங்குகளில் அதற்கு எளிதில் பலியாவது குதிரைதான். தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் போடுங்கள். தெருநாய் உள்ள ஊர் என்றால் வெறிநோய்த் தடுப்பூசியும் தேவை. மாடுகளோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் சர்ரா நோயை அறிந்திருக்க வேண்டும். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புவது. மாடு அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு வெளியே எதுவும் காட்டாமல் நிற்கும். அதே ஈ குதிரையைக் கடித்தால் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்து, காலும் அடிவயிறும் வீங்கி, உருகிப்போகும். லத்தியில் பெருகும் ஈக்களைக் குறைக்க அதைத் தினமும் அள்ளி, லாயத்திலிருந்து தள்ளி மூடிய குழியில் மக்க வையுங்கள்.

கிளாண்டர்ஸ் வேறு வகை. மூக்கில் சளியும் தோலில் புண்முடிச்சுமாக வரும், மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான இரத்தப் பரிசோதனை செய்கிறது. சந்தையில் விலை பேசுமுன் கிளாண்டர்ஸ் இல்லை என்ற சான்றைக் கேளுங்கள். வாங்கி வந்ததும் மூன்று வாரம் மற்றக் கால்நடைகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

வாங்கும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்கும் போடுங்கள். நன்றாக வைத்தால் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இன்று பத்து வயதுப் பையனுக்காக வாங்குகிறீர்கள். அவன் படிக்க வெளியூர் போன பிறகும் யாராவது காலையில் லத்தி அள்ள வேண்டும். இதற்கு மனமும் இடமும் கையில் பணமும் இல்லாவிட்டால், வாங்காமல் இருப்பதும் குதிரைக்குச் செய்யும் நன்மைதான்.

கோபி நண்பரின் குதிரை இன்றும் இருக்கிறது. வேகமாக ஓடாது. மாட்டுப் பொங்கலன்று அதற்கும் மாலை உண்டு, மஞ்சள் உண்டு, வாய்க்கு ஒரு கட்டு அருகம்புல். குழந்தைகளே முதல்நாள் மாலை வாய்க்கால் கரையில் போய்ப் பிடுங்கி வருகிறார்கள்.

அந்தியூருக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு சொல். கால்நடை அவசர ஊர்தியின் 1962 என்ற எண்ணை லாயத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். குதிரைக்குப் பணம் கொடுத்ததும், விற்றவரிடம் அது இதுவரை என்ன தின்றது என்று கேட்டு, அந்தத் தீனியிலேயே பத்து நாளைக்கு உள்ளதை மூட்டையாக வாங்கி அதே வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் புல்லுக்கு அதை மெதுவாக மாற்ற அந்தப் பத்து நாள் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்